கவுண்டருக்கு வெளியே நிற்கும் ஐந்து நாட்கள்

வியாபாரிகளான நாம் வெளிநாடு போவதில் குறைவில்லை. ஆனால் விடுமுறைக்கென்று போவது குறைவு. பெங்கொக் போனால் உடுப்பு எடுக்க, குவாங்சோ போனால் கொண்டெய்னர் போட, டுபாய் போனால் போன் சாமான் பார்க்க. பாஸ்போர்ட்டில் முத்திரைகள் நிறைந்திருக்கும், ஊர் பார்த்த ஞாபகம் இருக்காது. கொள்வனவுப் பட்டியல் எதுவும் பொக்கெட்டில் இல்லாமல், மனைவி மக்களோடு ஐந்தாறு நாள் போய்வருவது முற்றிலும் வேறு விஷயம்.

அண்மையில் பெருநாள் லீவில் நண்பர்கள் ஆறு பேர் ஒன்றுகூடினோம். ஆறு பேரும் ஐம்பது தாண்டியவர்கள், ஆறு பேரும் வியாபாரிகள். "இதுவரை குடும்பத்தோடு போன இடங்களில் மனதுக்குப் பிடித்தது எது?" என்று ஒருவர் பேச்சைத் தொடக்கினார். உயர்ந்த கோபுரம், கடற்கரை, கேபிள் கார் என்று பேச்சு போகும் என்றுதான் நினைத்தேன். இரண்டு மணி நேரம் பேசியும் ஒவ்வொருவரும் சொன்னது ஒரு கடைக்காரனைப் பற்றியோ, ஒரு டாக்சிக்காரனைப் பற்றியோதான். எமது தொழிலுக்கு வேண்டிய விஷயம் அதில் நிறைய இருந்தபடியால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

சிங்கப்பூர்: சின்னப் பெட்டி போதும்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் புடவைக் கடை நடத்தும் நண்பருக்கு சிங்கப்பூர்தான் பிடித்த ஊர். தொண்ணூறுகளில் மனைவியோடு முதன்முதலாகப் போயிருக்கிறார். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் பெரிய சூட்கேஸ் ஒன்றைத் தெரிந்தெடுத்து விலையும் கேட்டுவிட்டார். கடைப் பையன், "அண்ணே, உங்கள் டிக்கட்டுக்கு எத்தனை கிலோ அனுமதி?" என்று கேட்டானாம். இருபது கிலோ என்றதும், "இந்தப் பெட்டியே பாரம். நிரப்பினால் ஏர்போர்ட்டில் மேலதிகக் காசு கட்ட வேண்டிவரும். அந்தச் சின்னது போதும்" என்று விலை குறைந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"அந்தப் பெட்டி உடைந்துபோய் பல வருடமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து தரம் சிங்கப்பூர் போயிருக்கிறேன். ஐந்து தரமும் சாமான் வாங்கியது அந்தக் கடையில்தான்" என்றார் நண்பர். கூடிய விலைக்கு விற்றிருந்தால் அந்தப் பையனுக்கு ஒரு நாள் இலாபம். குறைந்த விலைக்கு விற்றதால் ஒரு குடும்பத்தின் வியாபாரமே அந்தக் கடைக்கு நிரந்தரமானது.

சிங்கப்பூரில் எல்லோரும் அப்படியென்றில்லை. 2014 நவம்பரில் அங்குள்ள பிரபல இலத்திரனியல் கடைத்தொகுதி ஒன்றில், போன் வாங்க வந்த வியட்நாம் தொழிலாளி ஒருவரிடம் 950 வெள்ளியை வாங்கிக்கொண்டு, உத்தரவாதத்துக்கென்று இன்னும் 1,500 வெள்ளி கேட்டார்கள். அந்த மனிதர் முழங்காலிட்டு அழுது காசைத் திருப்பிக் கேட்ட வீடியோ உலகமெல்லாம் பரவியது. சிங்கப்பூர் மக்களே வெட்கப்பட்டு அவருக்காக நிதி சேர்த்தார்கள். கடை உரிமையாளருக்கு 2015 இல் 33 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒரு கடைக்காரன் செய்ததை நாட்டின் பெயருக்கு வந்த இழுக்காக அவர்கள் எடுத்துக்கொண்டதை நாம் கவனிக்க வேண்டும்.

பெங்கொக்: இரத்தினக்கல்காரருக்கே இரத்தினக்கல்

பேருவளை நண்பர் இரத்தினக்கல் வியாபாரி. எங்கள் கியூடா கற்களைச் சூடாக்கி நீலமாக்கும் தொழிலை ஒரு காலத்தில் தாய்லாந்துக்காரர் கையில் வைத்திருந்த கதை வாசகர்கள் பலருக்கும் தெரியும். தொழிலுக்காக எத்தனையோ தரம் போன அந்த ஊருக்கு, ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார். அரச மாளிகை வாசலுக்குக் கிட்ட ஒரு துக்துக்காரன், "மாளிகை இன்று மூடியிருக்கிறது, வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்று ஏற்றிக்கொண்டு போய் நிறுத்தியது ஒரு நகைக்கடை வாசலில்.

உள்ளே பளபளக்கும் நீலக்கல் ஒன்றைத் தட்டில் வைத்து, "இது ஒரிஜினல் சிலோன் சபையர்" என்று கால் மணி நேரம் விளக்கம் சொன்னார்களாம். நண்பர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நான் சீனன்கோட்டை. இது ஆய்வுகூடத்தில் செய்த கல்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கிறார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "எனக்குக் கல் தெரியும். அடுத்த மேசையில் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி காசு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாது. ஊருக்குப் போய் அவர்கள் பழிக்கப்போவது அந்தக் கடையையா, எங்கள் சிலோன் கல்லையா?" என்று கேட்டார்.

மாளிகை அன்று திறந்துதான் இருந்ததாம். பெங்கொக்கில் இது பழைய தந்திரம். இப்படியான முறைப்பாடுகளுக்கென்றே அங்கு சுற்றுலாப் பொலிஸ் இருக்கிறது, 1155 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. நண்பரின் பிள்ளைகளுக்கு ஞாபகத்தில் நிற்பது சாவோ பிரயா ஆற்றில் போன படகுப் பயணம். சிறிய கட்டணம், எல்லோருக்கும் ஒரே டிக்கட்.

இஸ்தான்புல்: எது கறுவா, எது பட்டை?

மாத்தளை நண்பர் வாசனைத் திரவிய வியாபாரி. இஸ்தான்புல்லின் பெரிய மூடுசந்தை 15 ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் முஹம்மத் காலத்தில் தொடங்கியது. அறுபதுக்கு மேற்பட்ட தெருக்கள், சுமார் 4,000 கடைகள். ஆனால் நண்பரின் கால் போனது அவருடைய தொழிலுக்குரிய மிஸ்ர் சந்தைக்கு. அதுவும் 17 ஆம் நூற்றாண்டுச் சந்தை.

கடைக்காரர் முதலில் சின்னக் கிளாஸில் தேநீர் கொடுத்தார். பிறகு இரண்டு பெட்டிகளைத் திறந்து, "இது சிலோன், இது சீனா" என்று தாமாகவே பிரித்துக் காட்டினார். எங்கள் கறுவா மெல்லிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டியது, கையால் நொறுக்கலாம். சீனப் பட்டை தடித்தது, ஒரே சுருள், விலையும் குறைவு. இரண்டும் கறுவா என்ற பெயரில்தான் உலகம் முழுவதும் விற்பனையாகிறது. தெரியாதவரிடம் மலிவானதை எங்கள் விலைக்குத் தள்ளிவிடலாம். "நான் யாரென்று அவருக்குத் தெரியாது. நான் எதுவும் கேட்கவுமில்லை. அவராகவே சொன்னார்" என்று நண்பர் வியந்தார்.

அங்கு பேரம் பேசுவது வழமை. மூடுசந்தையில் பேரம் பேசாமல் வாங்கினால் கடைக்காரருக்கே சப்பென்றிருக்குமாம். ஆனால் பேரம் வேறு, மறைப்பு வேறு. பேரத்தில் இரண்டு பேருக்கும் சாமான் என்னவென்று தெரியும், விலை மட்டும்தான் பேச்சு. மறைப்பில் ஒருவருக்கு மட்டும்தான் சாமான் தெரியும்.

டுபாயும் கோலாலம்பூரும்

இதே கருத்துக்கு டுபாயிலிருந்து ஓர் உதாரணம் தந்தார் கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பர். மகளின் கல்யாணத்துக்கு முன் குடும்பத்தோடு போய், ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் ஓடையைக் கடந்து, தேராவின் தங்கச் சந்தைக்குப் போயிருக்கிறார். அன்றைய தங்க விலை 24 கரட், 22 கரட் என்று எழுதிக் காட்டப்பட்டிருக்கும். எந்தக் கடையில் கேட்டாலும் அந்த விலைதான். பேரம் செய்கூலியில் மட்டும். "எதில் பேசலாம், எதில் பேச முடியாது என்று தெரிந்ததால் பயமில்லாமல் வாங்கினேன்" என்றார்.

என் பங்குக்கு நான் சொன்னது கோலாலம்பூர். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் மனைவிக்கு ஸ்கார்ஃப் பார்த்தோம். மலேசியாவில் சில்லறைக் கடைகள் பொருளில் விலை குறிப்பது சட்டம். நாலு கடையில் விலை அட்டையைப் பார்த்ததில் பெரிய வித்தியாசமில்லை. கால் மணி நேரத்தில் வாங்கி முடித்து, மிச்ச நேரம் ஒரு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு வீதியை வேடிக்கை பார்த்தோம். 452 மீற்றர் உயர இரட்டைக் கோபுரத்தையும் பார்த்தோம்தான். என் மனைவி இன்றும் சொல்வது அந்தத் தே தாரிக் மாலையைப் பற்றித்தான். யாரும் எங்களை ஏய்க்கவில்லை என்ற நிம்மதி இருந்தால்தான் ஒரு மாலை அப்படி அமையும்.

காலி நண்பரின் வழக்கு

ஆறாமவர் காலி கோட்டைக்குள் கைவினைப் பொருள் கடை நடத்துகிறார். அவருக்குப் பிடித்தது கொச்சி. பழைய வீடுகளும் கடல் காற்றுமாகத் தன் ஊரைப் போலவே இருந்ததாம். ஓட்டோக்காரர் ஒருவர், "ஸார், பத்து நிமிஷம் இந்தக் கடைக்குள் போய் வாருங்கள். வாங்க வேண்டாம், எனக்குக் கூப்பன் கிடைக்கும்" என்று மூன்று கடைகளுக்குக் கூட்டிப்போன கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்.

மாத்தளை நண்பர் விடவில்லை. "நீங்களும் கைட்மாருக்குக் கொமிஷன் கொடுக்கிறீர்கள்தானே? அந்தக் காசு யார் தலையில் விழுகிறது? எங்கள் பக்கத்து வாசனைத் திரவியத் தோட்டங்களிலும் இதுதான் நடக்கிறது. ஆயிரம் ரூபாச் சாமானுக்கு இரண்டாயிரம் என்று எழுதி, அதில் பாதியை வேன்காரனுக்குக் கொடுத்தால் கடைக்காரனுக்கு என்ன மிஞ்சும், கெட்ட பெயரைத் தவிர?"

காலி நண்பர் சூடாகிவிட்டார். "மச்சான், கோட்டைக்குள் வாடகை என்னவென்று தெரியுமா? சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். கொமிஷன் கொடுக்காவிட்டால் வேன் என் வாசலில் நிற்காது. வெளிநாட்டானுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலை என்பதை அரசாங்கமே சிகிரியாவில் செய்கிறதே?"

அவருடைய கஷ்டம் உண்மை. 2018 இல் இந்த நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், பிறகு கொரோனா, 2022 இன் டொலர் நெருக்கடி என்று மூன்று அடி அடுத்தடுத்து விழுந்தது. 2024 இல்தான் எண்ணிக்கை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இத்தனை வருடம் கடையைத் திறந்து வைத்திருந்ததே பெரிய காரியம்.

ஆனாலும் சிகிரியா உதாரணம் பொருந்தாது. அங்கே இரண்டு விலையும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கிறது. வருபவர் தெரிந்துகொண்டுதான் டிக்கட் வாங்குகிறார். கடையிலோ முகத்தைப் பார்த்து, கையிலுள்ள கெமராவைப் பார்த்து விலை சொல்கிறோம். 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் ஒரு கொத்துக்கு 1,900 ரூபா சொல்லி, வாங்க மறுத்த பயணியோடு சண்டைக்குப் போனவரின் வீடியோவை உலகமே பார்த்தது. அவர் கைதானார். அதே தெருவில் நியாய விலைக்குக் கொத்துப் போட்ட மற்றவர்களுக்கும்தான் அந்த வீடியோவால் நட்டம்.

காலி நண்பர் இன்னும் முழுதாக இணங்கவில்லை. விலை அட்டை போடுவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார். கொமிஷனைத் தனியொரு கடை நிறுத்தினால் அந்தக் கடைதான் சாகும், தெருவிலுள்ள எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. இது வர்த்தக சங்கங்கள் பேச வேண்டிய விடயம்.

நாம் செய்யக்கூடியவை

சங்கம் கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் இருக்கின்றன.

முதலாவது, விலையை எழுதி வைப்பது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி இது எமது கடமையும்கூட. அதிகாரி வருவார் என்பதற்காக அல்லாமல், பாஷை தெரியாதவர் வாய் திறக்காமலே வாங்கலாம் என்பதற்காகச் செய்யுங்கள்.

இரண்டாவது, கேட்காமலே பற்றுச்சீட்டு கொடுப்பது. கல் என்றால் சூடாக்கியதா இல்லையா, கறுவா என்றால் என்ன தரம் என்பதை அதிலேயே எழுதுங்கள்.

மூன்றாவது, மாற்றித் தரும் நிபந்தனையைச் சாமானைக் கட்டுவதற்கு முன் சொல்வது.

நான்காவது, விடுமுறை பற்றியது. 2022 ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 அளவுக்கு ஏறியதை நாம் பார்த்தோம். ஆகவே கடன் பட்டோ, கடை முதலை எடுத்தோ வெளிநாடு போக வேண்டாம். மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாகச் சேர்த்து, மூன்று வருடத்துக்கு ஒரு தரம் போனாலும் போதும். போகும்போது கொள்வனவையும் விடுமுறையையும் ஒரே பயணத்தில் கலக்காதீர்கள். கலந்தால் பிள்ளைகளுக்கு ஹோட்டல் அறைதான் மிஞ்சும்.

வருடம் முழுவதும் நாம் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறோம். மறுபக்கத்தில், ஊரும் பாஷையும் தெரியாமல், கையில் காசோடும் மனதில் பயத்தோடும் நிற்பது எப்படியென்று வெளிநாட்டில் கழியும் அந்த ஐந்து நாட்களில்தான் எமக்குத் தெரிகிறது. அங்கே யார் உங்களை நன்றாக நடத்தினார்கள், எப்படி நடத்தினார்கள் என்பதை ஒரு துண்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். திரும்பி வந்து கடை திறக்கும் முதல் நாள் அதை உங்கள் சேல்ஸ்மன் பையன்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.