கடலோரச் சுவரில் ஓவியம் நிற்க

கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, நொச்சிக்குப்பம் போன்ற கடலோரக் குடியிருப்புகளில் சுவருக்கு அடித்த பெயிண்ட் நெடுநாள் தங்குவதில்லை. காரணம் உப்பு. கடற்காற்றில் வருவதும் தரையிலிருந்து ஓதமாக ஏறுவதும் சுவரின் நுண்துளைகளில் சேர்கின்றன. வெயிலில் ஈரம் ஆவியாகும்போது உப்பு படிகமாகிப் பருக்கும்; அந்த அழுத்தத்தில் பூச்சு பொரிந்து உதிரும். இங்கே கடலையும் படகையும் தீட்ட நினைப்பவர் முதலில் இந்த உப்போடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

பழைய பெயிண்டைச் சுரண்டி, பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பப் போய்விடும். நன்றாகக் காய்ந்தபின் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வெளிப்புற எமல்ஷன். பளபளப்புக்கு ஆசைப்பட்டு எனாமல் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் கட்டும். காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலைத் தாங்கும். மழை ஓய்ந்த தை, மாசி இதற்கு ஏற்ற காலம்.

கையளவுப் படம் நான்கு மாடிச் சுவருக்கு எப்படி ஏறுகிறது? கட்டம் போட்டுப் பெரிதாக்குவது பழைய வழி. இப்போது பல ஓவியர்கள் சுவர் முழுக்கக் கிறுக்கி, அதைப் புகைப்படம் எடுத்து, அதன்மேல் தங்கள் ஓவியத்தைப் பொருத்திக்கொள்கிறார்கள். எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் கண் வருகிறது, எதன்மேல் அலை வளைகிறது என்று செல்பேசியைப் பார்த்தபடி சாரத்தில் நின்று கோடு போடுகிறார்கள். கோடு முடிந்ததும் ஒவ்வொரு பகுதியிலும் நிறத்தின் எண்ணை எழுதிவிட்டால், பிரஷ் பிடித்தறியாதவரும் நிரப்பலாம். ஊரே சேர்ந்து தீட்ட இதுவே வழி.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வெள்ளக் கால்வாயின் கான்கிரீட் சுவரில் ஜூடித் பாக்கா 1976-ல் தீட்டத் தொடங்கிய ஓவியம் சுமார் 840 மீட்டர் நீண்டது. 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதில் உழைத்தார்கள். கலிபோர்னியாவின் எளிய மக்களுடைய வரலாறு அங்கே படமானது. சென்னையில் 2020-ல் கண்ணகி நகர்க் குடியிருப்புச் சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, மாநகராட்சியோடும் ஏஷியன் பெயிண்ட்ஸோடும் சேர்ந்து பெரிய ஓவியங்களைக் கொண்டுவந்தது. நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் அழகைவிட, எதை வரைவது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நொச்சிக்குப்பத்தில் மீன் வரைவதும் லேசான வேலை அல்ல. வஞ்சிரத்தின் துடுப்பு இடம் மாறினால், மீன் விற்கும் அக்காக்கள் சுவரைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள். அவர்களைக் கேட்டே கோடு போட வேண்டும். வேலை முடிந்ததும் மிச்ச பெயிண்டையும் நிற எண்களின் பட்டியலையும் குப்பத்திலேயே கொடுத்துவிட வேண்டும். ஓதத்தால் பெரும்பாலும் முதலில் பொரிவது சுவரின் அடிப்பகுதி. அதைச் சரிசெய்ய ஏணிகூட வேண்டாம்.