பெயரை மாற்றிக்கொண்டு கல்லூரிக்குச் சென்றவர்

இளைஞர் சிலர் ஒன்றுகூடி, இரவு பகல் பாராது உழைத்து, புதுத் தொழில் நிறுவனம் ஒன்றை எழுப்புகின்றனர். ஸ்டார்ட் அப் என்று இன்று அதனை அழைக்கிறோம். தொடங்குவது எங்ஙனம், முதலீடு திரட்டுவது எங்ஙனம் எனக் கற்பிக்கும் நூல்கள் ஏராளம். வேலை முடிந்து கை ஓய்ந்தபின் அம்மனிதர் என் செய்வார் என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அவ்வாறு நின்ற ஒருவரின் வரலாற்றை வாசகர்கள் அறிதல் நலம்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டீவ் வாஸ்னியாக், ஹியூலட் பேக்கார்டு நிறுவனத்தில் பொறியாளராய் இருந்தவர். 1976 ஏப்ரல் 1ஆம் நாள் ஸ்டீவ் ஜாப்ஸ், ரொனால்டு வெய்ன் ஆகியோருடன் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலுக்காக ஜாப்ஸ் தம் வேனை விற்றார். இவர் தம் விலையுயர்ந்த கால்குலேட்டரை விற்றார். அந்நிறுவனத்தின் முதற் கணிப்பொறியையும், 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறியையும் வடிவமைத்தவர் இவரே. 1980 டிசம்பர் 12ஆம் நாள் நிறுவனப் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. முப்பதே வயதில் இவர் பெருஞ்செல்வரானார். பங்கு கிடைக்காத உடன் ஊழியர்க்குத் தம் பங்குகளில் ஒரு பகுதியைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார் என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை.

இரண்டு மாதங்கூட ஆகவில்லை. 1981 பிப்ரவரி 7ஆம் நாள் அவரே ஓட்டிய சிறு விமானம் மேலெழும்பும் வேளையில் விழுந்து நொறுங்கிற்று. உயிர் பிழைத்தார், ஆயினும் பல வாரங்கள் புதிய நினைவு எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. விபத்து நடந்ததே அவருக்கு நினைவில்லை.

நலம் பெற்றவர் அலுவலகத்துக்கு விரையவில்லை. இடையில் நிறுத்தியிருந்த படிப்பை முடிக்க, பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அதுவும் சொந்தப் பெயரில் அன்று! ராக்கி ரக்கூன் கிளார்க் என்று பதிந்துகொண்டார். ராக்கி அவர் வளர்த்த நாயின் பெயர். கிளார்க் மனைவியின் குடும்பப் பெயர்.

ஓய்வு என்றதும் அவர் மௌனத்தில் அமர்ந்துவிட்டார் என எண்ண வேண்டா. 1982இலும் 1983இலும் மாபெரும் இசை விழாக்களை நடத்திப் பெரும்பணம் இழந்தார்.

இஸ்ரயேலர் ஆறாண்டு பயிரிட்ட நிலத்தை ஏழாம் ஆண்டு தரிசாய் விட வேண்டும் என்பது லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம் கூறும் சட்டம். பேராசிரியர்க்கு அளிக்கப்படும் நீண்ட விடுப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அந்த ஓய்வு ஆண்டிலிருந்து பிறந்ததே. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1880இல் அதனை ஏற்படுத்திற்று. ஆனால் தாமே முதலாளியாய் இருப்பவருக்கு விடுப்பு அளிப்பவர் யார்?

மைன்கிராப்ட் என்னும் கணிப்பொறி விளையாட்டைப் படைத்த சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் வேறுவகை அனுபவம் பெற்றார். 2014இல் அவர் நிறுவனத்தை மைக்ரோசாப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கிற்று. மறு ஆண்டே, தம்மைச் சூழ்ந்த தனிமையைப் பற்றி அவர் வெளிப்படையாக எழுதினார். செல்வம் தந்த வெறுமை என்று எளிதாய்ச் சொல்லிவிடலாம். எனக்கு அது முழு விளக்கமாகத் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்கில் விடியற்காலையில் எழுப்பிய வேலை ஒரே நாளில் இல்லாமற் போகிறது. தேடி வந்தோரில் எத்தனை பேர் வேலையின் பொருட்டு வந்தனர் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. வேலை நின்றபின் ஒரு பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால், "அடுத்து என்ன?" என்று நாள்தோறும் கேட்கும் நாமும் அச்சுமையைக் கூட்டவே செய்கிறோம்.

வாஸ்னியாக் சும்மா இருக்கவில்லை. ஆனால் எவரும் அறியாத மாணவராய் இருந்தார். புகழ்பெற்ற பெயரைக் கழற்றி வைத்ததே அவருக்குக் கிடைத்த உண்மையான ஓய்வு என்பேன். பாடமும் தேர்வும் நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன; வெற்றியை எவரும் எதிர்பார்க்கவில்லை.

1983இல் ஆப்பிளுக்குத் திரும்பியபோது, தலைமைப் பதவியை நாடாது பொறியாளராகவே பணிசெய்தார். 1985இல் அப்பணியினின்று விலகினார். 1986இல் பட்டம் கிடைத்தது. சான்றிதழிலும் ராக்கி ரக்கூன் கிளார்க் என்றே இருந்தது. பின்னர் 1990களில் லாஸ் கேட்டோஸ் என்னும் ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிப்பொறி கற்பிக்கும் ஆசிரியராய்ப் பல ஆண்டுகள் கழித்தார்.