சோயாப் புண்ணாக்கு: விளைவிப்பவர் யார், விற்பவர் யார்?

ஒரு டன் சோயாவை ஆலையில் ஆட்டினால் ஏறக்குறைய 180 கிலோ எண்ணெயும் 800 கிலோ புண்ணாக்கும் கிடைக்கும். புண்ணாக்கின் எடையில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் புரதம் இருப்பதால், கோழி, பன்றி, இறால் ஆகியவற்றின் தீவனத்தில் உலகம் முழுவதும் இதுவே முதன்மைப் புரதச் சரக்கு. ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி வட்டாரக் கோழிப் பண்ணைகளுக்கும், பழவேற்காட்டுப் பக்கத்து இறால் குட்டைகளுக்கும், நாமக்கல்லின் முட்டைக் கோழிகளுக்கும் தீவனச் செலவைத் தீர்மானிப்பதில் இதன் விலைக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் சோயா சாகுபடி மிகக் குறைவு. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் விளைவதே இங்கு வருகிறது. அங்குள்ள விலையோ உலகச் சந்தையைப் பார்த்து நகர்கிறது.

1970களின் தொடக்கம் வரை அந்தச் சந்தை அமெரிக்காவின் கையில் இருந்தது. 1972-ல் பெரு நாட்டுக் கடலில் நெத்திலி மீன் வரத்து சரிந்து, மீன் தூளுக்குத் தட்டுப்பாடு வந்தது. தீவனத் தொழில் சோயாவை நாட, விலை ஏறியது. உள்நாட்டு விலையை அடக்க 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தடை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் சோயாவுக்கு அமெரிக்காவையே நம்பியிருந்த ஜப்பான் அதன்பின் பிரேசிலில் முதலீடு செய்தது. பிரேசில் அரசும் ஆலைகளுக்குச் சலுகை தந்தது. 1980களில் புண்ணாக்கு ஏற்றுமதியில் பிரேசில் முதலிடம் பிடித்தது.

அடுத்து முன்னேறியது அர்ஜென்டினா. பரானா ஆற்றங்கரையில் ரொசாரியோ நகரைச் சுற்றிப் பெரும் ஆலைகள் எழுந்தன. கப்பல் ஆலை வாசலுக்கே வரும். முழுச் சோயா ஏற்றுமதிக்குக் கூடுதல் வரியும், புண்ணாக்குக்கும் எண்ணெய்க்கும் சற்றுக் குறைந்த வரியும் பல ஆண்டுகள் இருந்ததால், உள்ளூரில் ஆட்டி விற்பதே லாபமாயிற்று. 1990களின் இறுதியிலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் அந்த நாடே முதலிடத்தில் உள்ளது.

பிரேசில் அதற்கு எதிர்த் திசையில் போனது. 1996-ல் வந்த சட்டம் மூலப்பொருள் ஏற்றுமதிக்கு மாநில வரியை நீக்கியது. சோயாவை வாங்கித் தன் ஆலைகளிலேயே ஆட்டும் சீனா பெரும் வாடிக்கையாளரானது. இதனால், பிரேசில் உலகிலேயே அதிகச் சோயா விளைவிக்கும் நாடாக உயர்ந்தும் புண்ணாக்கு ஏற்றுமதியில் அர்ஜென்டினாவுக்குப் பின்னால் நின்றது. 2022-23-ல் கடும் வறட்சியால் அர்ஜென்டினாவின் விளைச்சல் சுமார் 2.5 கோடி டன்னாகச் சுருங்கியபோதுதான் பிரேசில் முந்தியது. அடுத்த ஆண்டே அர்ஜென்டினா இடத்தை மீட்டது.

இந்தியாவின் கதை வேறு. 2012-க்கு முந்தைய சில ஆண்டுகளில் ஏற்றுமதி 40 லட்சம் டன்னைத் தொட்டது. ஆசிய நாடுகளுக்கு அருகில் இருப்பதும், மரபணு மாற்றப்படாத சோயா என்பதும் சாதகமாக இருந்தன. 2015-16-ல் அது ஐந்து லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. ஹெக்டேருக்கு ஒரு டன் விளையும் இந்தியச் சோயா, மூன்று டன்னுக்கு மேல் எடுக்கும் அமெரிக்கா, பிரேசிலுடன் விலையில் போட்டியிட முடியவில்லை. உள்நாட்டுக் கோழிப் பண்ணைகளின் தேவையும் வளர்ந்துகொண்டே இருந்தது. 2021-ல் புண்ணாக்கு விலை கிலோவுக்கு 100 ரூபாயை நெருங்க, பண்ணையாளர்களின் கோரிக்கையை ஏற்று, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு மத்திய அரசு ஆகஸ்டில் அனுமதி தந்தது. அர்ஜென்டினாவின் வறட்சியை அடுத்து 2023-24-ல் இந்திய ஏற்றுமதி மீண்டும் சுமார் 21 லட்சம் டன்னை எட்டியது.

அமெரிக்காவிலும் காற்று திரும்பியிருக்கிறது. 2021-க்குப் பின் தாவர எண்ணெயிலிருந்து டீசல் செய்வது பெருகியதால் எண்ணெய்க்காகவே புதிய ஆலைகள் வருகின்றன. உடன் கிடைக்கும் புண்ணாக்கு கூடுதலாக ஏற்றுமதிக்குப் போகிறது.

ஆக, புண்ணாக்கு ஏற்றுமதியை விளைச்சல் மட்டும் முடிவு செய்வதில்லை. எந்த நாட்டு ஆலையில் ஆட்டப்படுகிறது, உள்நாட்டுக் கால்நடைகள் எவ்வளவு உண்கின்றன, வரி எதற்குச் சாதகம், எண்ணெய்க்கு எவ்வளவு கிராக்கி என்ற நான்கும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. திருவள்ளூர் மாவட்டப் பண்ணையாளர் வாங்கும் தீவன மூட்டையின் விலையில் மழையோடு இவையும் கலந்திருக்கின்றன.