மாரடைப்பில் தொலையும் ஆறு மணி நேரம்

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டெனிஸ் சேவியர், பிரேம் பாய்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியாவின் 50 நகரங்களில், 89 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 21,000 இதய நோயாளிகளைப் பற்றிய பெரும்பணி அது. நோயாளிகளுள் பாதிப்பேர், துன்பம் தொடங்கி ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பின்னரே மருத்துவமனை வாயிலை மிதித்தனர் என்று அது கண்டறிந்தது. உள்ளே வந்தபின் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்த ஆன இடைநிலைக் காலமோ 50 நிமிடமே. உயிர்காக்கும் பொழுதின் பெரும்பகுதி மருத்துவரின் கைக்கு எட்டுமுன்பே வீட்டிலும் வழியிலும் கரைந்துவிடுகிறது.

அப்பொழுதில் நெஞ்சினுள் நிகழ்வது என்ன? உடலெங்கும் குருதியைச் செலுத்தும் இதயம், தன் தசைக்கு வேண்டிய குருதியைத் தன்மேல் படர்ந்த தமனிகள் வழியாகவே பெறுகிறது. அத்தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு பல்லாண்டுகளாகப் படிகிறது. படிவின் மேல் மூடிய மெல்லிய சவ்வு ஒருநாள் கிழிகிறது. கிழிசலைக் காயமெனக் கருதிக் குருதித் தட்டுகள் விரைந்து குழுமுகின்றன, குருதி உறைகிறது, வழி அடைபடுகிறது. அதற்கு அப்பாலுள்ள தசைக்கு உயிர்வளி நின்றுபோகிறது. அரைமணி அளவிலேயே உட்புறத் தசையணுக்கள் மடியத் தொடங்குகின்றன. பின் அழிவு வெளிநோக்கிப் பரவுகிறது; ஆறு மணி நேரத்திற்குப் பின் காக்கத்தக்க தசை மிகக் குறைவே. மடிந்த இதயத்தசை மீண்டும் வளர்வதில்லை. அவ்விடத்தில் சுருங்கி விரியாத தழும்பே எஞ்சுகிறது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். சவ்வு கிழியும் படிவு, தமனியைப் பாதியளவுகூட அடைக்காததாக இருக்கலாம். ஆதலால்தான் நேற்றுவரை ஓடியாடியவர், ஓடுபொறிச் சோதனையில் குறையின்றித் தேறியவர், இன்று திடுமென வீழ்கிறார். கன்னடத் திரையுலகின் நடிகர் புனித் ராஜ்குமார் உடற்பயிற்சியில் நாட்டம் மிக்கவர் என்று நாடே அறியும். 2021 அக்டோபர் 29 அன்று பெங்களூரில் மாரடைப்பால் அவர் மறைந்தபோது அகவை 46. அதற்குப் பிந்தைய நாள்களில் அந்நகரின் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் தம் இதயத்தைச் சோதித்தறிய மக்கள் திரண்டனர். அச்சத்தால் வந்த கூட்டமே எனினும், அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. அம்மருத்துவமனையில் 40 அகவைக்கு உட்பட்ட இதயநோயாளிகளுக்கென்றே 2017 முதல் தனிப் பதிவேடு பேணப்படுகிறது. அவ்வாறு ஒரு பதிவேடு வேண்டியிருப்பதே நம் நிலையைச் சொல்கிறது.

இளம் அகவையில் ஏன்? இதற்கு விடைதேடிய பேராய்வை வழிநடத்தியவரும் பெங்களூரு செயின்ட் ஜான்ஸில் மருத்துவம் பயின்றவரே. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சலீம் யூசுப் 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. புகைப்பிடித்தல், குருதிக் கொழுப்பின் சீர்கேடு, உயர் குருதியழுத்தம், நீரிழிவு, தொந்தி, மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம் சார்ந்த காரணி ஆகிய ஒன்பதும் சேர்ந்து, முதல் மாரடைப்புக்கான இடரில் ஆண்களிடம் 90 விழுக்காட்டையும் பெண்களிடம் 94 விழுக்காட்டையும் விளக்குகின்றன என்று அது காட்டியது. தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு பிறரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாக, 53 அகவை அளவிலேயே வருகிறது என்பதும் அவ்வாய்வால் தெளிவாயிற்று. இக்காரணிகள் நம்மிடம் இளமையிலேயே குடியேறுவது அதற்குப் பெருங்காரணம். பிறவிக்கூறும் உண்டு, ஆயினும் அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு இருப்பது அறிவுடைமை ஆகாது. புகையை விட்டவரின் இதயநோய் இடர், ஓராண்டில் புகைப்போரின் இடரில் பாதியாகக் குறைகிறது. இத்துணை விரைவாகப் பயன்தரும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

மீண்டும் 2008 ஆய்வுக்கு வருவோம். அதில் என் நெஞ்சை உறுத்துவது வேறொரு கணக்கு. முப்பது நாளுக்குள் இறந்தோர் செல்வருள் 5.5 விழுக்காடு, ஏழையருள் 8.2 விழுக்காடு. ஏழையரின் உடல்நிலையும் நோய்க்காரணிகளும் இவ்வேறுபாட்டை விளக்கவில்லை. பெற்ற சிகிச்சையைக் கணக்கில் கொண்டு மீண்டும் கணித்தபோதோ வேறுபாடு மறைந்துபோயிற்று. அவர்களைக் கொன்றது, கிடைக்காத மருத்துவம்.

இக்குறை தீர்க்கத் தக்கதே. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி முதலிய மருத்துவர்கள் தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்தனர். அண்மை மருத்துவமனையில் குருதிக்கட்டியைக் கரைத்து, பின் தமனி அடைப்பைப் படம்பிடித்துக் காட்டும் ஆஞ்சியோகிராம் வசதியுள்ள மையத்திற்கு அனுப்பும் ஏற்பாடு அது. 2017இல் வெளியான முடிவுப்படி, ஓராண்டுக்குள் இறப்போர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தனர். தமிழ்நாட்டின் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் முதற்கட்ட மாத்திரைகளை ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கே கொண்டு சென்றது. கருநாடகமோ புனித் ராஜ்குமார் பெயரால் ‘இருதய ஜோதி’ திட்டத்தை அதே ஆண்டில் தொடங்கியது. வட்ட மருத்துவமனையில் எடுக்கும் இ.சி.ஜி. பதிவை ஜெயதேவா போன்ற மையத்தின் வல்லுநர் பார்த்துச் சொல்ல, குருதிக்கட்டியைக் கரைக்கும் விலைமிகுந்த டெனெக்டெப்ளேஸ் ஊசி அங்கேயே விலையின்றிப் போடப்படுகிறது. ஒரு கலைஞருக்கு எழுப்பத்தக்க நினைவுச்சின்னங்களுள் இதனினும் சிறந்ததை நான் அறியேன்.

பிழைத்தபின் நீள்வது வேறொரு காலம். தழும்பு உறுதிப்படச் சில கிழமைகள் ஆகும். அடைபட்ட தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயைப் பொருத்தியதும் நோய் நீங்கிற்று என்று எண்ணி மாத்திரைகளைக் கைவிடுவோர் நம்மிடையே மிகுதி. ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பைத்தான் திறக்கிறது. பிற தமனிகளின் படிவுகள் அங்கேயே இருக்கின்றன. குருதி உறையாமைக்கான மாத்திரையை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தினால் ஸ்டென்டினுள்ளேயே குருதி உறைந்து உயிர் போகலாம். நாள்தோறும் நடை, முறையான மருந்து, மனச்சோர்வு கண்டால் மறைக்காமல் சொல்லுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.

இதைப் படிப்போருக்கு ஒரு வேண்டுகோள். நெஞ்சில் இறுக்கமோ பாரமோ தோன்றி, இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையோடு பத்து நிமிடத்தில் தணியாவிட்டால், வாயுப் பிடிப்பு என்று இஞ்சிச்சாறும் சோடாவும் குடித்துக் காத்திராதீர்கள். பெண்களுக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் கடுஞ்சோர்வும் மட்டுமே வரலாம். தாமே வண்டியோட்டிச் செல்ல வேண்டா. நள்ளிரவாயினும் விடியட்டும் என்று எண்ண வேண்டா. 108ஐ அழையுங்கள், முதல் இ.சி.ஜி. சீராக இருந்தாலும் துன்பம் தொடர்ந்தால் மறுமுறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.