வாடகை வீட்டுக் கழிப்பறை: மேலே பளபளப்பு வேண்டாம், கீழே கவனம் வேண்டும்



திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு வருகிற குடும்பங்கள் சுற்று வட்டார கிராமங்களில் குடியிருப்பது உங்களுக்குத் தெரியும். அவர்களை நம்பி நம் உறுப்பினர்கள் பலர் குழுக் கடன் வாங்கி, இருக்கிற இடத்தில் இரண்டு, மூன்று லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். நல்ல வருமானம்தான். ஆனால் வீடு கட்டும்போது கடைசியாக யோசிக்கிற விஷயம் கழிப்பறை. மிச்சம் இருக்கிற இடத்தில், மிச்சம் இருக்கிற காசில் கட்டி முடித்துவிடுகிறோம். பிறகு நம்மை அதிகம் அலைய விடுவதும் அதுதான். அதனால் இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு உறுப்பினரின் அனுபவம்

அவிநாசி பக்கம் ஒரு உறுப்பினர் நான்கு லைன் வீடு கட்டினார். நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை. சுவர் முழுக்க டைல்ஸ், ஃப்ளஷ் டேங்க், பார்க்க அழகாக இருந்தது. "எட்டு உறை இறக்கிட்டோம், பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லைங்க" என்று கொத்தனார் சொன்னார். மூன்றாவது வருஷம் ஐப்பசி மழையில் குழி நிரம்பி, கழிவு வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு குடும்பம் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு காலி செய்தது. வாடகை பாதியாகக் குறைந்ததால் இரண்டு தவணை கட்ட முடியவில்லை. குழுவில் எல்லோரும் சேர்ந்துதான் அந்தத் தவணையைச் சமாளித்தார்கள்.

இதோடு முடியவில்லை. "லாரிக்காரனுக்கு எதுக்குக் காசு? ரெண்டு ஆளை இறக்கினா அள்ளிப் போட்டுடுவாங்க" என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, அவர் அதைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னார். நாங்கள் உடனே தடுத்தோம். ஏன் தடுத்தோம் என்பதைக் கீழே சொல்கிறோம்.

அந்த வீட்டில் குடியிருந்த ஒரு பெண்ணிடம் பேசினோம். "காலையில அஞ்சு மணிக்கே வரிசை நிக்குமுங்கக்கா. ஷிப்டுக்கு நேரமாயிருமேன்னு தண்ணி குடிக்கறதையே குறைச்சுட்டேன்" என்றார். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கி வைத்தால் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று வரும். வாடகை நமக்கு வருமானம், சரி. அந்த வீட்டில் இருப்பதும் நம்மைப் போல ஒரு பெண்தான் என்பதை மறக்கக் கூடாது.

எது நல்ல கழிப்பறை?

நம் சொந்த வீட்டில் ஏதாவது கோளாறு என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். வாடகை வீட்டில் நிரம்பி வழிந்த பிறகுதான் தெரியும். குடியிருப்பவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறலாம். அதனால் நாம் பக்கத்தில் இல்லாவிட்டாலும் ஓடுகிற, உடையக் கூடிய பாகம் குறைவாக உள்ள, எந்த மனிதனும் குழிக்குள் இறங்கத் தேவையில்லாத கழிப்பறைதான் வாடகை வீட்டுக்கு ஏற்றது.

பீங்கான் தேர்ந்தெடுப்பது

கடையில் 'ரூரல் பேன்' என்று கேளுங்கள். இதில் சாய்வு அதிகம். இதற்கென்று உள்ள டிராப்பில் நிற்கிற தண்ணீர் 2 சென்டிமீட்டர்தான். நாற்றமும் கொசுவும் மேலே வராமல் தடுக்க அது போதும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் சுத்தமாகப் போய்விடும். பழைய மாதிரி ஃப்ளஷ் டேங்க்கில் ஒரு தடவைக்கு 10 லிட்டர் வரை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 தடவை என்றால் 15 தடவை. 10 லிட்டர் வீதம் 150 லிட்டர், 2 லிட்டர் வீதம் 30 லிட்டர். ஒரு வீட்டிலேயே தினம் 120 லிட்டர் மிச்சம். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற ஊரில் இது சின்ன விஷயமா? குழிக்குள் போகிற தண்ணீரும் குறைகிறது.

ஃப்ளஷ் டேங்க்கில் வாஷர், மிதவை என்று அடிக்கடி கெட்டுப்போகிற பாகங்கள் உண்டு. வாடகை வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு மக் போதும். ஃபைபர் பேன் விலை குறைவு. ஆனால் தேய்க்கத் தேய்க்கக் கீறல் விழுந்து அழுக்கு பிடிக்கும். பீங்கான் பேன் நெடுநாள் வரும். வயதானவர்கள், முட்டி வலி உள்ளவர்கள் குடிவந்தால் உட்கார்ந்து எழக் கைப்பிடி வேண்டும். சுவரில் ஒரு கம்பி பதிப்பதற்குப் பெரிய செலவில்லை.

இரட்டைக் குழி எப்படி வேலை செய்கிறது?

இடமும் மண்ணும் ஒத்துவந்தால் வாடகை வீட்டுக்கு இரட்டைக் குழிதான் நல்லது. பேனிலிருந்து வருகிற குழாய் ஒரு சின்னத் தொட்டிக்கு வரும். அங்கிருந்து இரண்டு குழிக்கும் வழி உண்டு. ஒரு வழியைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, ஒரு குழியை மட்டும் பயன்படுத்த வேண்டும். தண்ணீர் மண்ணில் ஊறிவிடும், காற்றையும் மண்ணே இழுத்துக்கொள்ளும். தனியாகக் காற்றுக் குழாய் தேவையில்லை.

5, 6 பேருக்கு ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்று அதிக ஆழம் உள்ள ஒரு குழி சுமார் 3 வருஷம் வரும். நிரம்பியதும் வழியை மாற்றி இரண்டாவது குழிக்கு விடுங்கள். முதல் குழியைக் குறைந்தது ஒன்றரை, இரண்டு வருஷம் மூடியே வையுங்கள். அதற்குள் மக்கி, நாற்றமில்லாத மண் மாதிரி ஆகிவிடும். மண்வெட்டியால் எடுத்து மரத்துக்கு உரமாகப் போடலாம்.

கொத்தனார்கள் வழக்கமாகச் செய்கிற தவறுகள் சில உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள்.

1. இரண்டு குழியையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது. இரண்டும் சேர்ந்து நிரம்பும். இரட்டைக் குழி கட்டியதற்கே அர்த்தமில்லை.

2. ஆழம் அதிகமானால் நல்லது என்று உறை மேல் உறை இறக்குவது. ஆழம் போகப் போக நிலத்தடி நீரைத் தொட்டுவிடும். மழைக் காலத்தில் அடியிலிருந்து தண்ணீர் ஊறி குழியை நிரப்பும், கிணறும் கெடும். நம் உறுப்பினர் வீட்டில் நடந்தது இதுதான். நீர்மட்டம் மேலே வரும் காலத்திலும் குழியின் அடிக்கும் அதற்கும் நடுவில் 2 மீட்டர் மண் இருக்க வேண்டும்.

3. குழியின் அடியில் சிமெண்ட் பூசுவது, பக்கச் சுவரைச் சந்தில்லாமல் கட்டுவது. அடி மண்ணாகவே இருக்க வேண்டும். சுவரில் தேன்கூடு மாதிரி சந்து விட வேண்டும்.

4. கிணறு, போர் பக்கத்தில் குழி தோண்டுவது. குறைந்தது 10 மீட்டர், அதாவது 33 அடி தள்ளி இருக்கட்டும். இரண்டு குழிக்கும் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள்.

5. குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீரைக் குழியில் விடுவது. அதை வாழைக்கோ தனி உறிஞ்சு குழிக்கோ விடுங்கள்.

6. குழாயைச் சமமாகப் பதிப்பது. 15 அடி நீளத்துக்கு ஒரு அடியாவது சாய்வு வேண்டும். வளைவு குறைவாக இருந்தால் அடைப்பும் குறையும்.

கரிசல் மண்ணில் தண்ணீர் சீக்கிரம் ஊறாது. அங்கே குழியைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்கு மணலும் செங்கல் ஜல்லியும் போட வேண்டும்.

செப்டிக் டேங்க் எப்போது?

பாறை நிலமாக இருந்தால், நீர்மட்டம் மேலே இருந்தால், செப்டிக் டேங்க்தான் வழி. ஆனால் நாலு பக்கமும் கட்டி அடியில் மண் விட்டால் அது செப்டிக் டேங்க் ஆகாது. அடியும் சுவரும் கசியாமல் பூசி, நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறையாகக் கட்ட வேண்டும். வெளியே வருகிற தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, அதையும் சுத்தப்படுத்தி மண்ணில் ஊற விட வழி வேண்டும். இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும், வழிகிற வரை காத்திருக்கக் கூடாது. அதனால் லாரி குழாய் எட்டுகிற இடத்தில் கட்டுங்கள். மூடி திறக்கிற மாதிரி இருக்கட்டும். அதன் மேல் படிக்கட்டோ அறையோ கட்டிவிடாதீர்கள். இந்தச் செலவையும் வாடகைக் கணக்கில் மாதாமாதம் எடுத்து வையுங்கள்.

யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள்

இது கெஞ்சிக் கேட்டுக்கொள்கிற விஷயம். மூடிய குழியில் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைட் போன்ற வாயுக்கள் தேங்கியிருக்கும். இறங்கியவர் சில நொடியில் மயங்கி விழுவார். தூக்கப் போகிறவரும் அதே மாதிரி விழுவார். ஒரே குழியில் இரண்டு, மூன்று பேர் இறந்துபோன செய்திகளை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! இறக்கப்படுவது பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கும் நம்மைப் போல ஒரு அம்மா, ஒரு மனைவி இருக்கிறார்கள்.

2013-ஆம் வருஷம் வந்த சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்க்குக்குள் இறக்கி வேலை வாங்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. எவ்வளவு கொடுத்தாலும் போன உயிர் வருமா?

வீட்டுக்கு ஒரு கழிப்பறை

பொதுவில் ஒன்று கட்டினால் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் எல்லோருக்கும் பொதுவானதை யார் கழுவுவது? சண்டை வரும், வீடு காலியாகும். வீட்டுக்கு ஒன்று கட்டினால் அவரவர் சுத்தமாக வைத்துக்கொள்வார்கள். இடம் இல்லையென்றால் இரண்டு வீட்டுக்கு ஒரு ஜோடிக் குழியாவது கட்டலாம். குழி அளவை வீட்டுக் கணக்கில் போடாமல் ஆள் கணக்கில் போடுங்கள். ஒரு அறையில் எட்டுப் பையன்கள் தங்குவதும் உண்டு. அதற்குத் தகுந்த மாதிரி குழி பெரிதாக வேண்டும்.

வழுக்காத தரை, உள்ளே தாழ்ப்பாள், ஒரு பல்பு, மேலே ஜன்னல், தண்ணீர் பட்டு உளுத்துப் போகாத கதவு. இவ்வளவும் கட்டாயம் வேண்டும். சுவர் முழுக்க டைல்ஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குடிவருகிறவரிடம் சொல்ல வேண்டியது

நாப்கின், துணி, பிளாஸ்டிக், முடி எதையும் பேனில் போடக் கூடாது. அதற்கு மூடி போட்ட ஒரு கூடையை நாமே வாங்கி வைக்கலாம். ஆசிட் ஊற்றக் கூடாது, பீங்கானின் பளபளப்பு போகும், குழியில் கழிவை மக்க வைக்கிற கிருமிகளும் செத்துப்போகும். சோப்புத் தூளும் பிரஷும் போதும். வெளியூர்க்காரர்களுக்குத் தமிழ் தெரியாவிட்டால் படம் வரைந்து ஒட்டுங்கள். எந்தக் குழி ஓடுகிறது, என்றைக்கு மாற்றினோம் என்பதை உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

முடிவாக

அந்த உறுப்பினர் பழைய குழியை லாரி வைத்து எடுத்து, மண் போட்டு மூடிவிட்டார். குழுவில் இன்னொரு கடன் வாங்கி வீட்டுக்கு ஒரு கழிப்பறை, இரண்டு வீட்டுக்கு ஒரு ஜோடிப் பெரிய குழி என்று கட்டினார். இந்தத் தடவை குழி வேலை முடிகிற வரை கொத்தனார் பக்கத்திலேயே டேப் வைத்துக்கொண்டு நின்றார். டைல்ஸ் போடவில்லை, சுண்ணாம்புதான். கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் வீடு காலியாக இல்லை, தவணையும் தவறவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இதை வாசித்துக் காட்டுங்கள். வாடகை வீடு வைத்திருக்கிற உறுப்பினர்கள் தங்கள் குழி எத்தனை அடி ஆழம், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து வந்து சொல்லட்டும். வீடு கட்டக் கடன் கேட்கிறவரிடம், தீர்மானம் போடுவதற்கு முன்னால், "கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு?" என்று குழுவே கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி நம் கடனையும் காக்கும், ஒரு உயிரையும் காக்கும்.