ஜன்னலோரம் ஒரு தூசு கணக்குப்பிள்ளை

காத்துல எவ்வளவு தூசு இருக்கு? நெய்வேலியில இந்தக் கேள்வியைக் கேட்டா, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ல விரலைத் தேய்ச்சுக் காட்டிடலாம். ஆனா, விரல்ல ஒட்டுற தூசு பரவாயில்லை பாஸ்... ஒரு தும்மல்ல வெளியே போயிடும். நிஜ வில்லன், கண்ணுக்கே தெரியாத பிஎம் 2.5. தலைமுடித் தடிமன்ல ஏறக்குறைய முப்பதுல ஒரு பங்கு. நேரா நுரையீரலோட அடிவாரம் வரைக்கும் போய் உட்கார்ந்துடும்.

சுரங்கம், அனல்மின் நிலையம், சாம்பல் லாரினு வாழுற ஊர்ல இந்த வில்லனை நாமளே எண்ணிப் பார்த்தா என்ன? நாலு ஃப்ரெண்ட்ஸ் பாக்கெட் மணியைச் சேர்த்தா முடியும். தேவை, லினக்ஸ் ஓடுற குட்டிக் கம்ப்யூட்டர் ஒண்ணு, எஸ்டிஎஸ்011-னு ஒரு லேசர் தூசு சென்சார்.

குட்டினா நிஜமாவே குட்டி. 2012-ல ராஸ்பெர்ரி பை வந்தப்போ விலை 35 டாலர். 2015 நவம்பர்ல வந்த பை ஸீரோ 5 டாலர். நம்ம ஊர்ப் பத்திரிகைகள் ஷாம்பு பாக்கெட் ஒட்டித் தர்ற மாதிரி, இங்கிலாந்துல ஒரு பத்திரிகை அட்டையில அந்தக் கம்ப்யூட்டரையே ஒட்டி இலவசமாக் கொடுத்துச்சு! 2017-ல வந்த ஸீரோ டபிள்யூ-வுல வைஃபையும் உண்டு.

சென்சாரை யுஎஸ்பியில சொருகினதும் லினக்ஸ் அதை ஒரு ஃபைல் மாதிரி காட்டும். டிரைவர் சிடி தேடி அலைய வேண்டாம். செகண்டுக்கு ஒரு தடவை பத்து பைட் வரும். மூணாவது பைட்டோட, நாலாவதை 256-ஆல பெருக்கிக் கூட்டி, பத்தால வகுத்தா பிஎம் 2.5 ரெடி. பைத்தான்ல பத்துப் பதினஞ்சு வரி. 24 மணி நேர சராசரி 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதுங்கிறது 2009-ல வந்த இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்னது வெறும் 15.

வெறுமனே அளக்க மட்டும்னா இஎஸ்பி சிப் போதும், பை தண்டச் செலவுதான். மாசக்கணக்குல சேர்த்து வைக்கணும், கிராஃப் போடணும், ஹாஸ்டல்ல எல்லார் மொபைல்லயும் தெரியணும்னு ஆசைப்பட்டா பைக்குப் போங்க.

இனிமேதான் வில்லங்கம். மார்கழிப் பனியில சென்சார் எகிறும். லேசர் ஒளி சிதறுறதை வெச்சுத்தானே எண்ணுது... அதுக்குப் பனித்துளியும் தூசுதான். ஈரப்பதம் 70 சதவிகிதத்தைத் தாண்டின ரீடிங்கை நம்பாதீங்க. லேசர் ஆயுசு சுமார் 8000 மணி நேரம், ராப்பகலா ஓடினா ஒரு வருஷம்கூடத் தாங்காது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் மட்டும் முழிக்க வைங்க, நாலு வருஷத்துக்கு மேல இழுக்கும்.

அடுத்து, கரண்ட். ஊருக்கே கரண்ட் கொடுக்கிற ஊர்னாலும் பிளக்கைப் பிடுங்க வீட்டுல அம்மா இருக்காங்களே! எழுதிட்டிருக்கும்போது பவர் போனா மெமரி கார்டு காலி. ஒவ்வொரு ரீடிங்கையும் உடனே கார்டுல எழுதாம, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதுங்க. பை ஸீரோவுல கடிகார பேட்டரி கிடையாது, நெட் இல்லாம ஆன் ஆனா நேரம் தப்பும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒண்ணு மாட்டிடுங்க.

டவுன்ஷிப்ல ஒண்ணு, மந்தாரக்குப்பத்துல ஃப்ரெண்ட் வீட்டுல ஒண்ணுனு வெச்சு ஒப்பிடலாம். ஆனா முதல்ல ரெண்டையும் ஒரே ஜன்னல்ல ஒரு வாரம் வைங்க. ஒரே காத்துக்கு ரெண்டும் வேற வேற எண் சொல்லும். அந்த வித்தியாசத்தைக் கழிக்காம ஒப்பிட்டா சண்டைதான் மிச்சம். எண்ணைப் பார்த்ததும், 'அந்தப் புகைபோக்கிதான் காரணம்'னு கை நீட்டவும் முடியாது. லாரிப் புழுதி, குப்பை எரிப்பு, பக்கத்து வீட்டு விறகடுப்பு எல்லாம் அதுல கலந்திருக்கும். கூடவே காத்தடிக்கிற திசையையும் குறிச்சு வெச்சாத்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

முதல் சோதனைக்குச் சரியான நாள், போகி. பத்து நாள் முன்னாடியே ஓட விட்டுடுங்க, அப்பதான் சாதாரண நாள் எப்படினு தெரியும். போகி விடியற்காலைல கிராஃப் எங்க ஏறுதுன்னு பாருங்க. பனியும் இருக்கும், ஈரப்பத சென்சாரையும் பக்கத்துல வைக்க மறந்துடாதீங்க.