களைகொல்லியைச் சிதைக்கும் மண் பற்றீரியா

வயலில் இடப்படும் களைகொல்லி, களையை அழித்தவுடன் தானும் மறைந்துவிடுவதில்லை. அதன் ஒரு பகுதி மண்ணிலே தங்கி, மழைநீரோடு கீழிறங்கி, நிலத்தடி நீரையும் அடையக்கூடும். அவ்வாறு தங்கும் நஞ்சை நீக்குவதில் மண்வாழ் பற்றீரியாக்கள் ஆற்றும் பணி பெரிது. அப்பணிக்குக் கருவிகளாய் அமைவன அவற்றின் நொதியங்களாகும். அற்றசீன் என்னும் களைகொல்லியின் வரலாறு இதனை இனிது விளக்கும்.

1950களின் இறுதியில் வழக்கிற்கு வந்த அற்றசீன், சோளம், கரும்பு முதலிய பயிர்நிலங்களிற் பெரிதும் பயன்படுவது. மூன்று காபன் அணுக்களும் மூன்று நைதரசன் அணுக்களும் மாறிமாறி அமைந்த வளையம் ஒன்றில், ஒரு குளோரீன் அணுவும் இரு அமீன் கூட்டங்களும் இணைந்திருப்பதே இதன் அமைப்பு. களையின் ஒளித்தொகுப்பைத் தடுத்து இஃது அதனை மாய்க்கின்றது. நிலத்தடி நீர் மாசுறுதலைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் இதற்கு அனுமதி மறுத்தது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் களைகொல்லி சிந்திய ஓரிடத்து மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சூடோமோனசு இனப் பற்றீரியா ஒன்றைப் பற்றி 1995 இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். இஃது அற்றசீனையே தன் நைதரசன் உணவாகக் கொள்ள வல்லது. ஆறு நொதியங்கள் இதில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்படுகின்றன. முதல் நொதியம் நீரின் துணையாற் குளோரீனை அகற்றி, அவ்விடத்தில் ஐதரொட்சில் கூட்டத்தை அமர்த்துகின்றது. அந்நிலையிலேயே அப்பொருள் களைகொல்லும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. அடுத்த இரு நொதியங்கள் அமீன் கூட்டங்களை ஒவ்வொன்றாக நீக்க, சயனூரிக்கமிலம் எஞ்சுகின்றது. ஏனைய மூன்றும் வளையத்தைப் பிளந்து அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றன.

மனிதன் புதிதாக ஆக்கிய ஒரு பொருளைச் சிதைக்கும் நொதியம் எங்ஙனம் தோன்றியது? மெலமீன் என்னும் பொருளிலிருந்து அமீன் கூட்டத்தை நீக்கும் நொதியமொன்று வேறொரு பற்றீரியாவில் உண்டு. அதற்கும் அற்றசீனின் குளோரீனை நீக்கும் நொதியத்திற்கும் இடையே ஒன்பது அமினோவமிலங்களே வேறுபடுகின்றன. ஏறத்தாழ 98 வீதம் இரண்டும் ஒன்றே. ஆயினும் ஒன்றின் தொழில் மற்றொன்றிற்கு எளிதில் வாய்ப்பதில்லை. சிறு மாற்றங்கள் புதுத்தொழிலை ஈன்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. மேலும், இந்நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகள் பிளாசுமிட்டு என்னும் பெயரத்தக்க வளையத்தில் அமைந்துள்ளமையால், ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றிற்கு இவ்வாற்றல் பரவவும் இயலும்.

இந்நொதியத்தை மனிதனும் பயன்கொள்ளத் தொடங்கினான். தென் டக்கோட்டாவில் அற்றசீன் சிந்திய மண்ணில், இந்நொதியத்தைக் கொண்ட இறந்த பற்றீரியாக் கலங்கள் இடப்பட்டன. எட்டு வாரங்களில் அற்றசீன் 52 வீதமும், பொசுபேற்றும் சேர்த்த இடங்களில் 77 வீதமும் குறைந்ததென 2000 இல் அறிவிக்கப்பட்டது.

எனினும் இவ்வாற்றலுக்கு மறுபுறமும் உண்டு. ஆண்டுதோறும் அற்றசீன் இடப்படும் நிலங்களில் இத்தகைய பற்றீரியாக்கள் பெருகி, களை மாயுமுன்னரே மருந்தைச் சிதைத்துவிடுகின்றன. நீருக்கு நன்மை செய்யும் அந்நொதியமே உழவனின் செலவை வீணாக்குகின்றது. ஆதலால், மண்ணை உயிரற்ற பொருளெனக் கருதி மருந்திடுதல் தகாது. இடும் ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் உயிருலகம் அஃதென்பதை உணர்ந்தே வேளாண்மை செய்தல் வேண்டும்.